நிஃப்டி மாறும் நாளின் கடைசி அரை மணி நேரம்

நிஃப்டி 50 குறியீட்டெண்ணில் ஒரு நிறுவனம் நுழைந்து இன்னொன்று வெளியேறினால், அதைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகளும் இ.டி.எஃப்.களும் புதிய பங்கை வாங்கி, பழைய பங்கை விற்றாக வேண்டும். எந்தப் பங்கை வாங்குவது, எத்தனை வாங்குவது என்பதில் ஃபண்ட் மேனேஜருக்குத் தேர்வே கிடையாது. எப்போது வாங்குவது என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. அந்த உரிமையையும் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை. மாற்றம் அமலுக்கு வருவதற்கு முந்தைய வர்த்தக நாளில், பிற்பகல் 3 மணிக்கும் 3.30-க்கும் இடையில், ஏறக்குறைய எல்லா ஃபண்டுகளும் ஒரே பங்கை ஒரே நேரத்தில் வாங்குகின்றன.

இப்படி வாங்குவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அதற்காக முதலீட்டாளர் கொடுக்கும் விலையும் இருக்கிறது. அந்த விலை ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் எந்த வரியிலும் தென்படாது. பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்களையும் இது தொடுகிறது. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி இ.டி.எஃப்.கள் வழியாகப் பங்குச் சந்தைக்குள் வருகிறது. மாதச் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொருவரின் பணமும் இந்த அரை மணி நேர வர்த்தகத்தில் சிறு அளவிலாவது கலந்திருக்கிறது.

ஊரறிந்த தேதி

நிஃப்டியை நிர்வகிப்பது தேசியப் பங்குச் சந்தையின் துணை நிறுவனமான என்.எஸ்.இ. இண்டைசஸ். ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலை மறுபரிசீலனை செய்கிறது. ஜனவரி 31, ஜூலை 31 ஆகிய தேதிகளில் முடியும் ஆறு மாத சராசரித் தரவுதான் அடிப்படை. புதிதாக நுழைய விரும்பும் பங்கு எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேரப் பிரிவில் வர்த்தகமாக வேண்டும். நிறுவனர்களிடம் முடங்கியிராமல் சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு, பட்டியலில் ஆகச் சிறிய நிறுவனத்தின் மதிப்பைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 10 கோடி ரூபாய்க்கு வாங்கினாலோ விற்றாலோ விலை அதிகம் நகராத அளவுக்கு வர்த்தகமும் தேவை. மாற்றங்களை நான்கு வாரம் முன்கூட்டியே அறிவித்து, மார்ச், செப்டம்பர் மாதக் கடைசியில் அமலாக்குகிறார்கள்.

2024 மார்ச் 28-ல் சென்னையில் தோன்றி வளர்ந்த ஸ்ரீராம் ஃபைனான்ஸ் உள்ளே வந்தது, யு.பி.எல். வெளியேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் டிரென்ட், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டும் நுழைய, டிவிஸ் லேப்ஸும் எல்.டி.ஐ.மைண்ட்ட்ரீயும் இடத்தை இழந்தன. 2025 மார்ச் 28-ல் பி.பி.சி.எல்., பிரிட்டானியா ஆகியவற்றின் இடத்துக்கு, இன்று எடர்னல் என்று பெயர் மாறியிருக்கும் சொமேட்டோவும் ஜியோ ஃபைனான்ஷியலும் வந்தன.

விதிகள் பகிரங்கமானவை, தரவும் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது. அதனால் யார் வருவார், யார் போவார் என்பதைத் தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அதிகாரபூர்வ அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்பே கணக்குப் போட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். இண்டெக்ஸ் ஃபண்டுகள் எதை, எந்த நாளில், ஏறத்தாழ எத்தனை கோடிக்கு வாங்கப்போகின்றன என்பது சந்தையில் இருக்கும் அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வேறெந்தப் பெரிய முதலீட்டாளரும் தன் திட்டத்தை இப்படி ஊருக்கு அறிவித்துவிட்டு வாங்கப் போவதில்லை.

முடிவு விலை ஏன் முக்கியம்

மாற்றத்துக்கு முந்தைய நாள் மாலை வரை நிஃப்டி பழைய 50 பங்குகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மறுநாள் காலை சந்தை திறக்கும்போது புதிய 50. இடையில் குறியீட்டெண் துள்ளிவிடாமல் இருக்க, அதன் அடிப்படை மதிப்பைச் சரிக்கட்டுகிறார்கள். அதாவது, காகிதத்தில் இருக்கும் நிஃப்டி, முந்தைய நாளின் முடிவு விலையில் பழைய பங்கை விற்று, அதே விலையில் புதிய பங்கை வாங்கிவிடுகிறது. தரகு கிடையாது, வரி கிடையாது, எவ்வளவு வாங்கினாலும் விலை நகராது.

நிஜப் பணத்தை வைத்திருக்கும் ஃபண்ட் இந்தக் காகித நிஃப்டியோடுதான் ஒப்பிடப்படுகிறது. அதே முடிவு விலையில் வாங்கினால் வித்தியாசம் வராது. காலை 10 மணிக்கு வாங்கினால் விலை மலிவாக இருந்திருக்கலாம், கூடுதலாகவும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அது குறியீட்டிலிருந்து விலகல். அந்த விலகலின் ஏற்ற இறக்கத்தைத்தான் டிராக்கிங் எரர் என்று அளக்கிறார்கள். விலகல் லாபப் பக்கமா, நஷ்டப் பக்கமா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது டிராக்கிங் டிஃபரன்ஸ் என்னும் இன்னொரு எண், அதாவது ஃபண்டின் வருமானத்துக்கும் குறியீட்டின் வருமானத்துக்கும் உள்ள நேரடி வித்தியாசம்.

முடிவு விலை என்பது 3.30 மணிக்கு நடந்த கடைசி வர்த்தகத்தின் விலை என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்தியப் பங்குச் சந்தையில் நெடுங்காலமாக உள்ள முறை வேறு. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த எல்லா வர்த்தகங்களின் விலையையும், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். அந்தச் சராசரிதான் அன்றைய முடிவு விலை. அதை எட்ட விரும்புபவர் அரை மணி நேரம் முழுவதும் சந்தையில் இருந்தாக வேண்டும்.

டீலர் மேசையில்

ஸ்ரீராம் ஃபைனான்ஸ் நுழைந்ததுபோல ஒன்று வந்து ஒன்று போகும் மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் புரிவதற்காக எண்கள் கற்பனையாக இருக்கட்டும். ஃபண்டின் அளவு 10,000 கோடி ரூபாய். குறியீட்டில் வெளியேறும் பங்கின் எடை 0.3 சதவீதம், நுழையும் பங்கின் எடை 0.8 சதவீதம். அப்படியானால் 30 கோடிக்கு விற்று, 80 கோடிக்கு வாங்க வேண்டும். துண்டு விழும் 50 கோடியை மற்ற 49 பங்குகளிலிருந்து அவற்றின் எடைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஃபண்டில் 1,000 கோடிக்கு ஒரு வங்கிப் பங்கு இருந்தால், அதில் சுமார் 5 கோடிக்கு விற்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பங்கின் மாற்றம். டீலரின் திரையில் இது 51 ஆர்டர்கள்: வாங்குவது ஒன்று, விற்பது ஐம்பது.

புதிய பங்கின் விலை 2,000 ரூபாய் என்றால் 4 லட்சம் பங்குகள் வாங்க வேண்டும். ஒரே ஆர்டராகப் போட்டால் விலை எகிறிவிடும். அதனால் கணினி நிரல் அதைச் சிறு துண்டுகளாக்கி 3 மணியிலிருந்து சந்தைக்குள் அனுப்புகிறது. நிமிடத்துக்கு 13,000 பங்கு என்று சமமாகப் பிரித்தால் போதாது. முடிவு விலை வர்த்தக அளவைப் பொறுத்த சராசரி என்பதால், எந்த நிமிடத்தில் அதிகப் பங்குகள் கைமாறுகின்றனவோ அந்த நிமிடத்தில் ஃபண்டும் அதிகமாக வாங்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் அளவு பெருகும் என்று கணித்து ஒதுக்கி வைத்த பங்குகள், அளவு பெருகாவிட்டால் மிஞ்சிப் போகும். மிஞ்சியதை 3.40 முதல் 4 மணி வரை நடக்கும் பிந்தைய அமர்வில் முடிவு விலைக்கே வாங்க வழி உண்டு. ஆனால் அங்கே விற்பவர் ஒருவர் இருக்க வேண்டும், அந்த அமர்வில் வர்த்தகம் மிகக் குறைவு.

பணப் பட்டுவாடாவில் ஒரு வசதி இருக்கிறது. விற்ற பங்கின் பணமும், வாங்கிய பங்குக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அடுத்த வர்த்தக நாளிலேயே தீர்க்கப்படுகின்றன. 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் இதுதான் நடைமுறை. எனவே ஒரே நாளில் விற்று ஒரே நாளில் வாங்கும் ஃபண்டுக்குக் கடனும் தேவையில்லை, கையில் பணத்தைச் சும்மா வைத்திருக்கவும் தேவையில்லை. விற்பதை ஒரு நாளும் வாங்குவதை இன்னொரு நாளும் செய்தால் இந்த வசதி போய்விடும்.

கணக்கில் வராத செலவு

மேற்சொன்ன உதாரணத்தில், எல்லா ஃபண்டுகளும் ஒன்றாக வாங்குவதால் புதிய பங்கின் விலை இயல்பைவிட 2 சதவீதம் உயர்ந்திருக்கிறது என்றும், அடுத்த சில நாட்களில் பழைய நிலைக்கே இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 80 கோடியில் 2 சதவீதம் என்றால் 1.60 கோடி ரூபாய். அந்தப் பணம் முதலீட்டாளர்களின் கையைவிட்டுப் போகிறது. ஆனால் காகித நிஃப்டியும் அதே உயர்ந்த விலையில்தான் வாங்கியிருக்கிறது, விலை இறங்கும்போது அதுவும் சேர்ந்தே இறங்குகிறது. டிராக்கிங் எரர் பூஜ்யம், டிராக்கிங் டிஃபரன்ஸும் பூஜ்யம். ஃபண்ட் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்ததாகவே அறிக்கை சொல்லும்.

ஆண்டுக்கு 0.2 சதவீதம் நிர்வாகக் கட்டணம் வாங்கும் ஃபண்டாக இருந்தால், 10,000 கோடிக்கு அது 20 கோடி ரூபாய். அதோடு ஒப்பிட்டால் 1.60 கோடி சிறிய தொகைதான், ஒரேயடியாகப் புறக்கணிக்கும் அளவுக்குச் சிறியதும் கிடையாது. கட்டணத்தில் 0.05 சதவீத வித்தியாசத்தைப் பார்த்து ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும் முதலீட்டாளருக்கு இப்படி ஒரு செலவு இருப்பதே சொல்லப்படுவதில்லை. இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அளவுகோலே அந்தச் செலவை விழுங்கிவிடுவதால், அதைக் குறைக்க யாருக்கும் தூண்டுதல் இல்லை.

சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இதில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 2022 மே மாதச் சுற்றறிக்கையின்படி, பங்கு சார்ந்த இண்டெக்ஸ் ஃபண்டின் ஓராண்டு டிராக்கிங் எரர் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறியீட்டில் வழக்கமான மாற்றம் நடந்தால், ஏழு நாட்களுக்குள் ஃபண்டைச் சரிசெய்துகொள்ளலாம். 0.8 சதவீத எடையுள்ள ஒரு பங்கை மூன்று நாட்கள் தள்ளி வாங்கி, அதற்குள் அதன் விலை 10 சதவீதம் ஏறிவிட்டாலும்கூட விலகல் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. விதி மேனேஜரின் கையைக் கட்டவில்லை. கட்டுவது போட்டி. ஒரே நிஃப்டியைப் பின்பற்றும் ஃபண்டுகள் தங்களுக்குள் டிராக்கிங் எரரின் இரண்டாவது தசம இடத்தில் மோதிக்கொள்கின்றன. தள்ளி வாங்கி லாபம் பார்த்த மேனேஜரை யாரும் பாராட்டப்போவதில்லை. நஷ்டம் வந்தால் கேள்வி கேட்பார்கள். இந்த நிலையில் கடைசி அரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுப்பவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

முந்திக்கொள்பவர்கள்

முன்கூட்டித் தெரிந்த வாங்கலுக்கு முன்கூட்டியே ஆள் தயாராகிறார். ஹெட்ஜ் ஃபண்டுகளும் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்பவர்களும் நுழையவிருக்கும் பங்கை வாரக்கணக்கில் சேர்த்து வைத்து, கடைசி நாளில் இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு விற்கிறார்கள். வெளியேறும் பங்கில் இதன் தலைகீழ் நடக்கிறது. இவர்களைச் சுரண்டல்காரர்கள் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஒரே அரை மணி நேரத்தில் அத்தனை பங்குகளையும் விற்பதற்கு யாராவது இருக்க வேண்டும், அந்த இருப்பைத் திரட்டி வைப்பவர்கள் இவர்கள்தான். போட்டி கூடக் கூட இவர்களின் லாபமும் சுருங்குகிறது.

இன்னொரு பெரிய விற்பனையாளர் நிஃப்டி குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார். சொமேட்டோவும் ஜியோ ஃபைனான்ஷியலும் 2025 மார்ச்சுக்கு முன், நிஃப்டி 50-க்கு அடுத்த நிலையிலுள்ள நிஃப்டி நெக்ஸ்ட் 50 பட்டியலில் இருந்தவை. நிஃப்டி 50 ஃபண்டுகள் அவற்றை வாங்கிய அதே அரை மணி நேரத்தில், நெக்ஸ்ட் 50 ஃபண்டுகள் அவற்றை விற்க வேண்டியிருந்தது. நெக்ஸ்ட் 50-யில் ஒவ்வொரு பங்கின் எடையும் பெரிது, ஆனால் அதைப் பின்பற்றும் பணம் சிறிது. எனவே இரண்டும் முழுமையாக ஈடுகட்டிக்கொள்வதில்லை, அழுத்தத்தை ஓரளவு குறைக்கின்றன.

டெஸ்லாவின் 70 சதவீதம்

இந்த விஷயத்தில் உலகமே கவனித்த நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. 2020 நவம்பர் 16 அன்று, டெஸ்லா அங்குள்ள முன்னணிக் குறியீடான எஸ் அண்ட் பி 500-க்குள் வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானது. அன்றைய முடிவு விலை 408 டாலர். குறியீட்டில் சேர்ந்தது டிசம்பர் 21 திங்கட்கிழமை. எனவே ஃபண்டுகள் வாங்க வேண்டிய நாள் டிசம்பர் 18 வெள்ளி. அன்று டெஸ்லா 695 டாலரில் முடிந்தது. ஐந்து வாரத்துக்குள் 70 சதவீத ஏற்றம். வெள்ளிக்கிழமை மட்டும் 20 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின, அதில் கணிசமான பகுதி மாலை 4 மணிக்கு நாஸ்டாக் நடத்தும் முடிவு ஏலத்தில் நடந்தது.

அதுவரை எஸ் அண்ட் பி 500-க்குள் நுழைந்தவற்றிலேயே ஆகப் பெரிய நிறுவனம் அது. நுழையும்போதே எடை சுமார் 1.7 சதவீதம். அறிவிப்பு நாளின் 408 டாலர் விலையிலேயே ஒரு ஃபண்ட் வாங்கியிருந்தால், மொத்த முதலீட்டில் ஏறக்குறைய 0.7 சதவீதம் மிச்சமாகியிருக்கும். எஸ் அண்ட் பி 500-ஐப் பின்பற்றும் வேன்கார்ட் இ.டி.எஃப். வசூலிக்கும் ஆண்டுக் கட்டணம் 0.03 சதவீதம். 20 ஆண்டுக் கட்டணத்துக்கும் மேற்பட்ட தொகை ஒரே பங்கில், ஐந்தே வாரத்தில் போனது.

இந்தக் கணக்கை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஃபண்டுகளும் நவம்பர் 17 அன்றே வாங்கக் கிளம்பியிருந்தால் விலை அன்றே ஏறியிருக்கும். அந்த 70 சதவீதம் முழுவதையும் குறியீட்டின் தலையில் கட்டவும் முடியாது, அந்த ஆண்டு முழுக்கவே டெஸ்லா ஏறுமுகத்தில்தான் இருந்தது. காத்திருந்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிசம்பர் 21 திங்களன்று விலை 650 டாலருக்கு இறங்கியது. ஒரு நாள் பொறுத்தவருக்கு 6 சதவீதத்துக்கும் மேல் மிச்சம். ஜனவரி முதல் பாதியிலேயே விலை 800-ஐத் தாண்டிவிட்டது. மூன்று வாரம் பொறுத்தவருக்குப் பெரும் இழப்பு. நேரம் பார்த்து வாங்கும் வேலையை இண்டெக்ஸ் ஃபண்டிடம் ஒப்படைக்கத் தயங்குவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

விற்க முடியாத நாட்கள்

இந்தியாவில் இந்த நெரிசலின் மறுபக்கம் 2023-ல் தெரிந்தது. ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிந்தபோது, ஜூலை 20 அன்று காலை சிறப்பு அமர்வு ஒன்றை நடத்தி விலை கண்டறிந்தார்கள். முந்தைய நாள் 2,841.85 ரூபாயில் முடிந்த ரிலையன்ஸ் அந்த அமர்வில் 2,580-க்கு நின்றது. வித்தியாசமான 261.85 ரூபாய் ஜியோவின் விலையானது. முன்பெல்லாம் ஒரு நிறுவனம் பிரிக்கப்பட்டால் அதைக் குறியீட்டிலிருந்தே நீக்கிவிடும் வழக்கம் இருந்தது. இந்த முறை மாறிய விதிகளின்படி ரிலையன்ஸ் அப்படியே தொடர, ஜியோ 51-வது பங்காக நிஃப்டியில் தற்காலிகமாக வைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 21-ல் ஜியோ பட்டியலானது. ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் விலை நகர அனுமதி இல்லை. நிஃப்டியில் இருந்து அது விரைவில் நீக்கப்படும், அப்போது இண்டெக்ஸ் ஃபண்டுகள் விற்றே ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே அந்த 5 சதவீதக் கீழ் எல்லையான லோயர் சர்க்யூட், அடுத்தடுத்த நாட்களிலும் அதுவே. விற்க வரிசை நீண்டது, வாங்க ஆள் இல்லை. சர்க்யூட்டில் சிக்கிய பங்கை நீக்கினால் காகித நிஃப்டி மட்டும் அதை விற்றுவிட்டு நகர்ந்துவிடும், நிஜ ஃபண்டுகள் பங்கோடு மாட்டிக்கொள்ளும். எனவே சர்க்யூட் அடித்தால் நீக்கத்தைத் தள்ளிவைக்கும் விதியைப் பயன்படுத்தினார்கள். சென்செக்ஸிலும் நிஃப்டியிலும் நீக்கம் தள்ளிப்போய், செப்டம்பர் முதல் வாரத்தில்தான் முடிந்தது. அன்று விற்றுத் தீர்த்த அதே பங்கைத்தான் ஒன்றரை ஆண்டு கழித்து 2025 மார்ச்சில் நிஃப்டி ஃபண்டுகள் திரும்ப வாங்கின.

தேய்ந்துவரும் விளைவு

குறியீட்டில் சேர்வதாலேயே விலை ஏறுகிறதா என்ற கேள்வி நாற்பது ஆண்டுப் பழையது. எஸ் அண்ட் பி 500-ல் சேர்க்கப்பட்ட பங்குகள் அறிவிப்பை ஒட்டி ஏறக்குறைய 3 சதவீதம் ஏறியதாக 1986-ல் ஆந்த்ரே ஷ்லைஃபர் கண்டறிந்தார். நிறுவனத்தின் லாபத்தைப் பற்றி எந்தப் புதுச் செய்தியும் இல்லாமல், தேவை கூடியதாலேயே விலை கூடுகிறது என்பது அவர் முடிவு. அதே ஆண்டில் ஹாரிஸ், குரேல் இருவரும் தனியாக ஆய்வு செய்து, அந்த ஏற்றம் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடுகிறது என்றார்கள். அப்போதெல்லாம் அறிவித்த மறுநாளே மாற்றம் அமலாகிவிடும். 1989 அக்டோபரிலிருந்துதான் சில நாட்கள் முன்னதாக அறிவிக்கும் வழக்கம் வந்தது. ஃபண்டுகளுக்கு நிதானம் கிடைக்கட்டும் என்று கொடுத்த அந்த இடைவெளி, முந்திக்கொள்பவர்களுக்கும் நேரம் கொடுத்தது.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ராபின் கிரீன்வுட், மார்கோ சாமன் ஆய்வின்படி, 1990-களில் சராசரியாக 7.4 சதவீதமாக இருந்த இந்த ஏற்றம் 2010-களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இண்டெக்ஸ் ஃபண்டுகளின் பணம் பன்மடங்கு பெருகிய காலத்தில்தான் இது நடந்திருக்கிறது. முன்கூட்டியே கணிப்பவர்கள் பெருகியதும், நடுத்தர நிறுவனக் குறியீட்டிலிருந்து பங்குகள் மேலே வரும்போது அந்தப் பட்டியலின் ஃபண்டுகள் விற்பதும் இதற்குக் காரணங்கள். சராசரி தேய்ந்தாலும் டெஸ்லா போன்ற விதிவிலக்குகள் வரும்போது செலவு பெரிதாகவே இருக்கிறது.

நேரத்தைப் பரப்பும் வழிகள்

குறியீட்டைத் தயாரிப்பவர்கள் மனது வைத்தால் இந்த நெரிசலைக் குறைக்கலாம். ஃபண்ட் நிறுவனமான வேன்கார்ட் 2012-ல் தன் பெரிய அமெரிக்க ஃபண்டுகள் பலவற்றை சி.ஆர்.எஸ்.பி. குறியீடுகளுக்கு மாற்ற முடிவு செய்தது. அக்குறியீடுகளில் காலாண்டு மாற்றங்கள் ஒரே நாளில் நடக்காமல் ஐந்து நாட்களுக்குப் பரப்பப்படுகின்றன. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் பங்கும் முதலில் பாதி, அடுத்த காலாண்டில் மீதி என்று போகிறது. 2024-ல் எச்.டி.எஃப்.சி. வங்கியின் எடையைக் கூட்டியபோது குறியீட்டு நிறுவனமான எம்.எஸ்.சி.ஐ. அதை ஆகஸ்டிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையில் செய்தது. டெஸ்லாவை இரண்டு தவணையில் சேர்க்கலாமா என்று எஸ் அண்ட் பி நிறுவனமும் சந்தையிடம் கருத்துக் கேட்டது, இறுதியில் ஒரே தவணை என்று முடிவெடுத்தது. 1981-ல் தொடங்கிய டைமென்ஷனல் என்னும் ஃபண்ட் நிறுவனமோ குறியீடு மாறும் நாளை அப்படியே பின்பற்றுவதையே ஆரம்பத்திலிருந்து தவிர்த்து வந்திருக்கிறது.

சிறிய நிறுவனங்களின் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளுக்கு இந்தப் பரப்பல் விருப்பம் சார்ந்தது கிடையாது, கட்டாயம். ஸ்மால்கேப் 250 போன்ற பட்டியலில் பல பங்குகளை அரை மணி நேரத்தில் வாங்கி முடிக்கவே முடியாது. அவற்றில் டிராக்கிங் டிஃபரன்ஸ் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செபி 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆலோசனை அறிக்கை, முடிவு விலையைத் தீர்மானிக்கத் தனி ஏல அமர்வு ஒன்றை முன்வைத்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஹாங்காங் எங்கும் இந்த முறை இருக்கிறது. வாங்குபவர், விற்பவர் எல்லோரின் ஆர்டர்களையும் ஒன்றாகத் திரட்டி, அதிகப் பங்குகள் கைமாறும் ஒரே விலையைக் கண்டறிந்து, அந்த விலையிலேயே எல்லோருக்கும் முடிக்கிறார்கள். ஃபண்ட் மேனேஜர் நிமிடத்துக்கு நிமிடம் சராசரியைத் துரத்த வேண்டியதில்லை. ஆர்டரை ஏலத்தில் போட்டால் முடிவு விலை எதுவோ அதுவே அவர் வாங்கிய விலை. எந்தப் பக்கம் ஆர்டர் மிஞ்சி நிற்கிறது என்பது ஏலம் முடியும் முன்பே திரையில் தெரிவதால், எதிர்ப்பக்கத்தில் புதியவர்கள் வந்து சேரவும் வழி உண்டு. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையிலான நான்கு வாரத்தில் ஏறிவிடும் விலையை இந்த ஏலம் தொடாது. அதை மாற்ற வேண்டுமானால் மாற்றத்தை எத்தனை நாளில், எத்தனை தவணையில் நடத்துவது என்ற குறியீட்டு விதியைத்தான் மாற்ற வேண்டும்.